ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் முதுகில் நீர் எடுப்பது ஏன்?

“ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பிறகு எதற்கு டாக்டர் முதுகில் ஊசி?”

அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வியை நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் கணவராகவோ மகளாகவோ இருப்பார். கையில் ஒப்புதல் படிவம், மனத்தில் அச்சம், அருகே தலையைப் பிடித்தபடி படுத்திருக்கும் நோயாளி. கேள்வி நியாயமானது. ஆயினும் அந்தப் பரபரப்பில் நிதானமாக விளக்க எங்களுக்கும், அதை மனத்தில் வாங்கிக்கொள்ள உங்களுக்கும் பல நேரங்களில் இயல்வதில்லை. எனவே அந்த விளக்கத்தை இங்கு முன்கூட்டியே எழுதுகிறோம்.

எளிதில் விளங்குவதற்காக ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். இது எவரோ ஒருவரின் கதையன்று. பலரிடம் நாங்கள் கண்டவற்றின் தொகுப்பு. அவருக்கு வயது 46. விடியற்காலை 5 மணிக்கு வாசல் தெளிக்கக் குனிந்தபோது, பின்தலையில் யாரோ ஓங்கி அடித்தாற்போல் ஒரு வலி. ஒரு நிமிடத்துக்குள் அது தாங்க முடியாததாகிவிட்டது. வாந்தி எடுத்தார். பித்தமாக இருக்கும் என்று வீட்டில் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தனர். வலி சற்றுத் தணிந்ததே தவிர நீங்கவில்லை. பிற்பகல் 2 மணிக்கு மருத்துவமனைக்கு அழைத்து வந்தனர். 3 மணிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு எதுவும் தென்படவில்லை. “மாலை வரை காத்திருங்கள், பிறகு முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்றோம். குடும்பத்தினரோ, வீட்டுக்குச் சென்றுவிட்டு மறுநாள் வருவதாகக் கூறினர்.

அவர்களை அன்றிரவு வீட்டுக்கு அனுப்ப நாங்கள் ஏன் தயங்கினோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எத்தகைய தலைவலி எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது?

தலைவலி எல்லோருக்கும் வருவது. ஒற்றைத் தலைவலி, சளி அடைப்பு, தூக்கமின்மை, மன அழுத்தம் எனக் காரணங்கள் பல. இவை பெரும்பாலும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும். ஆனால் இடி விழுந்தாற்போல் திடீரென வந்து, சில நொடிகளில் அல்லது ஓரிரு நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் தலைவலி வேறு வகையானது. “என் வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை” என்று நோயாளி கூறுவார். கழுத்து விறைப்பு, வாந்தி, சிறிது நேர மயக்கம், வலிப்பு, இமை தொங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றுள் ஏதேனும் உடன் இருந்தால் ஐயம் வலுக்கிறது.

இத்தகைய தலைவலியுடன் வருவோரில் பெரும்பாலோருக்கு மூளையில் இரத்தக்கசிவு இருப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், நீங்கள் வீணாக அஞ்ச வேண்டாம் என்பதற்காக. எனினும் அந்தச் சிலரைத் தவறவிட்டால் விளைவு மிகக் கொடியது.

மண்டை ஓட்டுக்குள் நடப்பது என்ன?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியுள்ளன. நடு உறை சிலந்தி வலை போன்று மெல்லியது. அதற்கும் மூளையை ஒட்டியுள்ள உள் உறைக்கும் இடையே நிறமற்ற, தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவே மூளைத் தண்டுவட நீர். வளர்ந்த ஒருவரின் உடலில் இது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் உள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது; பழையது இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. அதாவது நாள்தோறும் மூன்று முறைக்கு மேல் இந்நீர் புதுப்பிக்கப்படுகிறது.

மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய்கள் இந்த நீருக்கு நடுவேதான் ஓடுகின்றன. சிலருக்கு அக்குழாயின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, சிறு குமிழ் போல் புடைத்திருக்கும். மருத்துவர்கள் இதனை அனியூரிசம் என்பர். அது வெடித்தால் இரத்தம் அந்த நீரில் கலக்கிறது. காயமின்றித் தானாக ஏற்படும் இவ்வகைக் கசிவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 இத்தகைய புடைப்பினால் நேர்பவை.

முதலில் ஏற்படும் கசிவு சில வேளைகளில் சிறியதாக இருந்து, உறைகட்டி, தானே நின்றுவிடும். நோயாளி எழுந்து நடமாடவும் பேசவும் முடியும். ஆனால் அந்த அடைப்பு உறுதியற்றது. மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் கசிவு, முதற்கசிவைவிட உயிருக்குப் பெரும் ஆபத்து விளைவிப்பது. நாம் எண்ணிக்கொண்ட பெண்மணிக்கு அந்த 24 மணி நேரம் அன்றைய இரவையும் உள்ளடக்கியது. எங்கள் தயக்கத்துக்குக் காரணம் இதுவே.

ஸ்கேன் தவறவிடுமா?

புதிதாகக் கசிந்த இரத்தம் சி.டி. ஸ்கேனில் வெண்மையாகத் தெரியும். தலைவலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நவீனக் கருவியில் எடுத்து, அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் பார்த்த ஸ்கேன், ஏறத்தாழ எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடும். அவ்வாறு எடுத்த ஸ்கேன் இயல்பாக இருப்பின் பெரும்பாலும் முதுகில் நீர் எடுக்கத் தேவையில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது.

நேரம் செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. சிந்திய இரத்தம் ஓடும் நீரில் கலந்து நீர்த்துப்போகிறது. சிறிது சிறிதாக அகற்றவும் படுகிறது. முதல் நாள் முடிவில் ஸ்கேன் சிலரைத் தவறவிடத் தொடங்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தாலோ, ஏறத்தாழ பாதிப் பேரிடம் மட்டுமே கசிவு தென்படும். கடும் இரத்தசோகை உள்ளவர்களிடம் இரத்தத்தின் வெண்மை தொடக்கத்திலேயே மங்கலாகத் தெரியலாம்.

நம் பெண்மணிக்கு ஸ்கேன் எடுத்தபோது 10 மணி நேரம் கடந்திருந்தது. விடியற்காலையே வந்திருந்தால் ஸ்கேனுடன் முடிந்திருக்கக்கூடிய சோதனை, தாமதத்தால் ஊசி வரை வந்துவிட்டது. திடீர்த் தலைவலிக்கு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுச் செல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம் என நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அவசரம் என்கிறீர்கள், பிறகு ஏன் 12 மணி நேரம்?

இது பலரையும் குழப்பும் இடம். இதற்கான விடை உங்கள் தோலிலேயே இருக்கிறது. கையில் அடிபட்டுக் கன்றினால், அவ்விடம் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகி, சில நாட்களில் பச்சையும் மஞ்சளுமாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். சிந்திய இரத்தத்தின் சிவப்பு நிறமியை உடலில் உள்ள நொதிகள் உடைத்து, இறுதியில் பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளாக மாற்றுவதே இதற்குக் காரணம். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பொருள்தான்.

மூளைத் தண்டுவட நீரில் இரத்தம் கலந்தாலும் இந்த மாற்றம் நிகழ்கிறது. ஆனால் அதற்குச் சில மணி நேரம் வேண்டும். தலைவலி தொடங்கி 12 மணி நேரம் கடந்த பிறகே பிலிருபின் நம்பத்தக்க அளவில் சேர்ந்திருக்கும். பின்னர் அது ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை நீரில் நிலைத்திருக்கும்.

நீர் எடுக்கும்போது ஊசி ஒரு நுண்ணிய இரத்தக்குழாயைக் கீறிவிட்டால், வரும் நீரில் புதிய இரத்தம் கலந்துவிடும். இது அரிதன்று, எவ்வளவு தேர்ந்த கைகளிலும் நேரக்கூடும். அப்போது குழாயில் தெரியும் சிவப்பு மூளையிலிருந்து வந்ததா, ஊசியால் வந்ததா? சிவப்பை மட்டும் வைத்து உறுதியாகக் கூற முடியாது. மஞ்சளோ ஊசியால் வருவதன்று. பிலிருபின் உயிருள்ள உடலுக்குள் மட்டுமே உருவாகிறது. சோதனைக் குழாயில் உருவாவதில்லை. ஆகவே மஞ்சள் தென்பட்டால், ஊசி நுழைவதற்குப் பல மணி நேரம் முன்னரே அங்கு இரத்தம் சிந்தியிருக்கிறது என ஐயுறலாம்.

அவசரப்பட்டு முன்கூட்டியே நீர் எடுத்தால், கசிவு இருந்தும் மஞ்சள் தென்படாமல் போகலாம். பிறகு “ஒன்றுமில்லை” என்ற பொய்யான நிம்மதியுடன் நோயாளி வீடு திரும்புவார். எனவே மருத்துவமனையின் கண்காணிப்பில் வலி நிவாரணமும் ஓய்வும் அளித்துக் காத்திருக்கச் சொல்கிறோம். அந்த நேரத்தில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், நினைவு நிலை ஆகியவை தொடர்ந்து கவனிக்கப்படும். மூளைக்காய்ச்சல் என்ற ஐயம் இருந்தால் மட்டும் இக்காத்திருப்பு பொருந்தாது. அதற்கு உடனடிச் செயல் வேண்டும்.

முதுகில் நீர் எடுக்கும் முறை

இம்முறையை 1891இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவின்க்கெ அறிமுகப்படுத்தினார். நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் செய்யப்பட்டு வருகிறது.

“முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடும்” என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக ஊறியுள்ளது. ஒப்புதல் தர மறுப்போர் பலரும் சொல்லும் காரணம் இதுவே. வளர்ந்தவரின் தண்டுவடம் முதுகெலும்பு முழுவதும் நீள்வதில்லை. பொதுவாக இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புகளின் அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவதோ அதற்கும் கீழே, மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையில் அல்லது அதற்கு அடுத்த இடைவெளியில். அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பிழைகளே உள்ளன. சிசேரியன் அறுவையின்போது முதுகில் மரத்துப்போகும் ஊசி போடப்படுவதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்.

நோயாளி பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடித்து, முதுகை வளைத்துக்கொள்வார். தோலைத் தூய்மைசெய்து, மரத்துப்போகும் மருந்து செலுத்திய பின்னரே மெல்லிய ஊசி செலுத்தப்படும். அழுத்தம் தெரியும், வலி குறைவாகவே இருக்கும். காலில் மின்னல்போல் ஒரு சுளுக்கு ஓடினால் உடனே சொல்ல வேண்டும். ஊசியின் திசையைச் சற்று மாற்றினால் அது நின்றுவிடும்.

எடுக்கப்படும் நீர் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி. உடல் மணிக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் சுரப்பதால், எடுத்த நீரை அரை மணி நேரத்தில் ஈடுசெய்துவிடும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர், இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தோர், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளோர் ஆகியோருக்கு இச்சோதனை உடனே பொருந்தாது. வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர் எனில், நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். இதய நோய்க்காக உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவந்து காட்டுவது இன்னும் நல்லது.

ஆய்வகத்தில் நடப்பது

நீர் மூன்று அல்லது நான்கு குழாய்களில் எடுக்கப்படுகிறது. அவற்றுள் சில அணுக்களின் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை, கிருமி ஆகியவற்றை அறிய உதவும். மூளைக்காய்ச்சல் இருந்தால் அதுவும் இவற்றில் வெளிப்படும். ஊசியால் வந்த இரத்தம் முதற்குழாயிலேயே அதிகம் இருக்கும் என்பதால், பிலிருபின் சோதனைக்குக் கடைசிக் குழாயையே ஒதுக்குகிறோம்.

அந்தக் குழாயைத் தனியே போற்ற வேண்டியுள்ளது. பிலிருபினை வெளிச்சம் சிதைக்கும். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையை நீல ஒளியின்கீழ் வைப்பதும் பிலிருபினின் இதே இயல்பைப் பயன்படுத்தித்தான். ஆகவே குழாயை வெள்ளித்தாளால் சுற்றியோ தடித்த உறையில் இட்டோ அனுப்புகிறோம். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் நிறமி நீரில் கரைந்து முடிவைக் குழப்பும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் அதனை வேகமாகச் சுழற்றும் கருவியில் இட்டு, அணுக்களை அடியில் படியச் செய்து, மேலே தெளிந்த நீரைப் பிரித்தெடுக்க வேண்டும்.

சில மருத்துவமனைகளில் மாதிரிக் குழாயை ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு உறவினரிடம் வந்து சேர்வதுண்டு. உங்களிடம் தந்தால் மூன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சுற்றியுள்ள தாளைப் பிரிக்காதீர்கள். குலுக்காமல் கொண்டுசெல்லுங்கள். வழியில் எங்கும் நிற்காமல் நேராகச் சென்று, வாங்குபவரிடம் “முதுகு நீர், அவசரம்” என்று சொல்லி ஒப்படையுங்கள்.

பிரித்தெடுத்த நீரை வெள்ளைத் தாளின் முன்னே, தூய நீர் நிரம்பிய குழாயின் அருகே பிடித்துக் கண்ணால் ஒப்பிடுவது பழைய முறை. கருவி இல்லாத இடங்களில் இன்றும் அதுவே கைகொடுக்கிறது. எனினும் இளமஞ்சள் கண்ணுக்குத் தப்பலாம். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் நிறமாலைக் கருவி அதைத் துல்லியமாக அளக்கிறது. அது 350 முதல் 600 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் ஒளியை நீரின் ஊடே செலுத்தி, எந்த அலைநீளம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என வரைபடமாகக் காட்டும். சிவப்பு நிறமி 415 நானோமீட்டரை ஒட்டி ஒரு முகடாக எழும். பிலிருபின் 450 முதல் 460 வரை ஒரு மேடாகத் தெரியும்.

அதே வேளையில் கையிலிருந்தும் சிறிது இரத்தம் எடுக்கிறோம். “முதுகில் எடுத்த பிறகு கையிலும் ஏன்?” என்று கேட்பதுண்டு. கல்லீரல் கோளாறால் இரத்தத்திலேயே பிலிருபின் மிகுந்திருந்தால், அது தண்டுவட நீரிலும் ஊடுருவி அதை மஞ்சளாக்கும். நீரில் புரதம் மிகுந்திருந்தாலும் அவ்வாறே நேரும். இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்த பின்னரே முடிவு கூற இயலும்.

முடிவின் பொருள்

12 மணி நேரத்துக்குப் பின், இரண்டு வாரங்களுக்குள் எடுத்த நீரில் பிலிருபின் இல்லையெனில், இயல்பான ஸ்கேனுடன் சேர்த்து, இவ்வகை இரத்தக்கசிவு இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம். தலைவலிக்கு வேறு காரணம் தேடுவோம்.

பிலிருபின் இருந்தால், அடுத்து இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கப்படும். புடைப்பு கண்டறியப்பட்டால், தொடைவழியோ கைவழியோ நுண்குழாய் செலுத்தி அதனுள் மெல்லிய உலோகச் சுருளை நிரப்பலாம். அல்லது அறுவை செய்து அதன் கழுத்தில் கவ்வி பொருத்தலாம். எது பொருந்தும் என்பதை நரம்பியல் அறுவை மருத்துவர்கள் முடிவு செய்வர். மூளை இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் மாத்திரை வழக்கமாக 21 நாட்கள் தரப்படுகிறது.

சில வேளைகளில் முடிவு தெளிவாக அமையாது. அப்போதும் ஆஞ்சியோகிராம் துணைசெய்யும்.

“நேராக ஆஞ்சியோகிராமே எடுத்துவிடலாமே?” என்பாரும் உளர். சூழ்நிலையைப் பொறுத்துச் சிலருக்கு அவ்வாறு செய்வதுண்டு. ஆனால் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு, எந்தத் தொல்லையும் தராத வெடிக்காத புடைப்பு இருக்கிறது. அது தற்செயலாகப் படத்தில் தென்பட்டால், இன்றைய தலைவலிக்குக் காரணம் அதுதானா என்பதைப் படம் சொல்லாது. தேவையற்ற அச்சமும், சில வேளைகளில் தேவையற்ற சிகிச்சையும் விளையலாம். இரத்தம் சிந்தியதா என்ற கேள்விக்குத் தண்டுவட நீரே நேரடியாக விடை தருகிறது.

சோதனைக்குப் பின்

சிலருக்கு ஓரிரு நாட்களில் வேறொரு தலைவலி வரலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடும்; படுத்தால் குறையும். ஊசி சென்ற துளை வழியே நீர் சற்றுக் கசிவதால் வருவது இது. பெரும்பாலும் சில நாட்களில் தானே நீங்கும். நுனி மழுங்கிய, திசுவைக் கீறாத ஊசியைப் பயன்படுத்துவதால் இது குறைகிறது. நீண்ட நேரம் தட்டையாகப் படுத்திருப்பதால் இதைத் தடுக்க முடியாது. ஆகவே நோயாளியை எழவிடாமல் வற்புறுத்த வேண்டியதில்லை. நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஊசி போட்ட இடத்தில் சீழ், மீண்டும் திடீர்த் தலைவலி ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே வர வேண்டும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது

திடீர்த் தலைவலி வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஸ்கேன் போதுமா, நீர் எடுக்க வேண்டுமா, எப்போது எடுக்க வேண்டும் என்ற எங்கள் முடிவுகள் அனைத்தும் அந்த நேரத்தையே பற்றி நிற்கின்றன. “காலையிலிருந்து” என்பதைவிட “5 மணிக்கு, வாசல் தெளிக்கும்போது” என்பது எங்களுக்குப் பேருதவி.

ஒப்புதல் தரத் தயக்கம் இருந்தால், காரணத்தை மறைக்காமல் கூறுங்கள். உங்கள் அச்சம் எதுவெனத் தெரிந்தால்தான் அதற்கு விடை கூற எங்களால் இயலும். ஒப்புதலும் மறுப்பும் உங்கள் உரிமை. மறுத்தாலும் அந்த முதல் இரவில் மருத்துவமனையை விட்டுச் செல்லாதிருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நாம் எண்ணிக்கொண்ட பெண்மணியின் கணவர் நெடுநேரம் யோசித்துக் கையெழுத்திட்டார். மாலை 6 மணிக்கு நீர் எடுத்தோம். 13 மணி நேரம் கடந்திருந்தது. மஞ்சள் இல்லையெனில், “பயப்பட ஒன்றுமில்லை” என்று அவரிடம் நாங்கள் துணிந்து சொல்லலாம். மஞ்சள் இருந்தால், அந்தப் புடைப்பு மீண்டும் வெடிப்பதற்கு முன்னரே அதை அடைக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும். எந்த முடிவு வந்தாலும் அன்றிரவு அவர் மருத்துவமனையில் காத்திருந்தது வீண்போகவில்லை.